ஏழு குறுக்குக்கு ஒரு விளக்கம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முத்திருளனுடைய செல்பேசி மேசைமேல் இரண்டு தடவை அதிர்ந்தது. கிரயப் பத்திரம் ஒன்றின் மூன்றாம் பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், விரலை வரிமேல் வைத்தபடியே இடது கையால் எடுத்துப் பார்த்தார்.

"இந்த வாரக் குறுக்கெழுத்தில் சிறந்த குறிப்பு: ஏழு குறுக்கு. மொத்தம் இருபத்தொன்பது வாக்குகள். முதல் வாக்கு: முத்திருளன், திருமங்கலம். வழக்கப்படி முதலில் வாக்களித்தவரே விளக்கம் எழுதித் தர வேண்டும். வெள்ளி மாலை ஆறு மணிக்குள்."

வேறொருவராக இருந்தால் அன்று மகிழ்ச்சியில் காபியில் சர்க்கரை இல்லாததுகூடத் தெரிந்திருக்காது. முத்திருளனுக்கோ அப்படி இல்லை. வரிமேல் இருந்த விரல் நழுவி எந்த வரி என்று தெரியாமல் போனது. காரணம் எளிது. ஏழு குறுக்கு அவருக்குப் புரியவே இல்லை.

அவர் பத்திர எழுத்தர். திருமங்கலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஓர் அறை. ஊருக்கு மேற்கே பருத்தி போட்டுக்கொண்டிருந்த குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டு நகல் எழுத வந்தவர், பழைய பத்திரங்களைப் படித்துப் படித்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் இடம் மாறினால் ஓர் ஏக்கர் கை மாறும் என்பதை, மற்றவர்கள் எழுதிய பிழைகளிலிருந்து தெரிந்துகொண்டவர். அதனால் எதையும் மூன்று முறை வாசிப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட.

குறுக்கெழுத்து அவரிடம் வந்து சேர்ந்தது ஆறு வருடங்களுக்கு முன். கொட்டாம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் ராம்கி, மாமனார் எழுதிக் கொடுத்த நிலத்தைப் பதிய வந்தவர், டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் போனை நீட்டினார்.

"அண்ணே, பத்திரம் எழுதுறவருல்ல, இதைச் சொல்லுங்க பாப்போம். 'நிலத்து ஆவணமும் தலையில்லாத ஆணியும் சுண்டலுக்கு ஆகும்.' நாலெழுத்து."

"என்ன தம்பி, வெடுகதையா?"

"வெடுகதை இல்லண்ணே. ஒரு பாதி அர்த்தம் சொல்லும். இன்னொரு பாதி எழுத்தை எப்படிக் கோக்கணும்னு சொல்லும். எங்கிட்டு முடிஞ்சு எங்கிட்டுத் தொடங்குதுன்னு மட்டும் சொல்லாது."

முத்திருளன் அரை நிமிடம் யோசித்தார். நிலத்து ஆவணம் பட்டா. ஆணிக்குத் தலையை எடுத்தால் மிச்சம் ணி. பட்டாணி. அப்போது உடம்பில் ஒரு சின்ன அதிர்வு ஓடியது. நான்கு எல்லையும் அளவும் ஒன்றோடொன்று பொருந்திவிட்ட பத்திரத்தைக் கடைசி முறை வாசித்து முடிக்கும்போது வருமே, அதே அதிர்வு. அன்றே ராம்கி அவரைச் 'சொற்கட்டம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்.

குழுவுக்கென்று சில நடைமுறைகள் உண்டு. ஞாயிறு காலை கட்டம் வரும். திங்கள் இரவுக்குள் விடைகளைக் கட்டம் அமைத்தவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பொதுவில், தனக்குப் பிடித்த குறிப்புக்கு வாக்கு மட்டும் போடலாம். யார் எதற்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டம் அமைப்பவர்களாக ஏழெட்டுப் பேர். புதிதாக ஒருவர் அந்த வரிசையில் சேர வேண்டுமென்றால் அவர் எழுதிய கட்டத்தைப் பழைய ஆள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையை விட்டுப் போன கட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போகலாம். மூன்று முறை மறுக்கப்பட்டால் ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கமே வரக் கூடாது.

முத்திருளனுடைய கட்டம் இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. மூன்றாவது கட்டம் பத்து நாளாக மைத்ரேயியிடம் இருக்கிறது. மைத்ரேயி விளாங்குடியில் இருக்கும் கணக்கு டீச்சர். குழுவில் அவருடைய கட்டம் என்றால் நாற்பது பேருக்குக் குறையாமல் விடை அனுப்புவார்கள். இந்த வாரக் கட்டமும் அவருடையதே.

அங்கேதான் முத்திருளன் சறுக்கினார். ஞாயிறு காலை ஒன்பதே காலுக்குள் கட்டம் முழுவதையும் நிரப்பிவிட்டார். ஏழு குறுக்கின் குறிப்பு இது: 'அடி உடைந்த பாத்திரம் பவனுக்குள் போக, வானில் வருபவன்.' ஐந்து எழுத்து. நெடுக்காக வந்த சொற்களிலிருந்து முதல் எழுத்து க என்றும் மூன்றாவது எழுத்து ர என்றும் விழுந்திருந்தன. வானில் வருபவன், கதிரவன். வேறு எதுவும் அந்த இடத்தில் உட்காராது. பாத்திரமும் பவனும் எப்படிக் கதிரவனாகின்றன என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். டீச்சர் எழுதியது, சரியாகத்தான் இருக்கும். பாதி புரியாமலிருந்ததே அதற்கு ஒரு கனத்தைக் கொடுத்தது. தன் கட்டம் அவர் கையில் இருக்கிறது என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ள, பொதுவில் எழுதிவிட்டார்: "ஏழு குறுக்கு மிக அருமை. நுட்பமான கட்டு."

அந்த அப்புறம் இப்போது வந்துவிட்டது.

செவ்வாய் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தின் காகிதத்தில் கதிரவன் என்று பத்து முறை எழுதிப் பிரித்துப் பார்த்தார். கதி, ரவன். கதிர், அவன். அடி உடைந்த குடம், குட. அடி உடைந்த தட்டம், தட்ட. பவன் என்பது மதுரையில் இரண்டு தெருவுக்கு ஒன்று இருக்கும் சைவ ஓட்டல். அதற்குள் எதையோ வைக்க வேண்டும். வைத்தால் முதலெழுத்து ப அல்லவா வர வேண்டும்? கதிரவனில் ப எங்கே இருக்கிறது?

புதன்கிழமை காலையில் வீட்டில் அவர் நடந்த நடைக்கு, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி பாண்டீஸ்வரி காலை மிதியில் இருந்து எடுத்துவிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு ஒக்காருங்க, இல்ல வெளிய போங்க. குறுக்க நெடுக்க நடந்து என் கண்ணே சுத்துது. ஊசி வெரல்ல ஏறிரும்."

"ஒரு வார்த்தைடி. எப்படி வந்துச்சுன்னு தெரியல."

"வெடை சரிதான?"

"சரிதான்."

"அப்பறம் என்ன? சரியாப் போச்சுன்னு விடுவாகளா, அது ஏன் சரியாச்சுன்னு பஞ்சாயத்து வப்பாகளா? ஒங்களுக்கு மட்டும் எங்கிட்டிருந்துதான் வருதோ!"

"எழுதித் தரணும்டி. நான்தான் அருமைன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"புரியாமலேவா சொன்னீக?" அவள் மிஷினைத் திருப்பிவிட்டுச் சிரித்தாள். "நாலு வருசமா நான் வக்கிற புளிக்கொழம்புக்கும் அருமைங்கிறீகளே, அதுவும் இப்படித்தானா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பேருந்து நிலையம் வரை அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

அலுவலகத்துக்குப் போகும் முன்பே ராம்கிக்குப் போன் போட்டார். ராம்கியும் ஏழு குறுக்குக்குத்தான் வாக்களித்திருந்தார்.

"மாப்ள, ஏழு குறுக்கு எப்படிப் பிரிச்ச?"

இந்த ஆறு வருடத்தில் அண்ணே, தம்பி எல்லாம் போய் இருவரும் மாப்ளையாகியிருந்தார்கள். அந்தப் பக்கம் யாரோ யூரியா மூட்டையின் விலையைக் கேட்கும் சத்தம். பிறகு ராம்கி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எங்க மாப்ள புரிஞ்சுச்சு? நீ போட்டிருந்த. நீ மூணு தடவ படிக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேல்ல. சரி, நம்மாளு சொன்னா இருக்கும்னு நானும் போட்டுட்டேன்."

"அடப்பாவி."

"என்னைய ஏன் வையிற? எனக்குக் கீழ இருபத்தேழு பேரு நிக்கிறாய்ங்க. அவிங்கள்ல எம்புட்டுப் பேரு என்னையப் பாத்துப் போட்டாய்ங்களோ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தா, இப்படி எழுதிரு. பாத்திரம்னு எழுதினா நடுவுல திர இருக்குல்ல? கதிரவன்லயும் திர இருக்கு. பவன்ல வன் இருக்கு. ஒட்டிரு."

"க?"

"க எங்கயாச்சும் இருக்கும் மாப்ள. யாரு எண்ணப் போறா?"

முத்திருளன் அதைக் கேட்டுத் திகைத்தார். திர இருக்கத்தான் செய்தது. பாத்திரத்தின் நடுவே அந்த இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து நின்றன. ஆனால் அடி உடைந்தால் கடைசி எழுத்துதானே போகும்? முன்னால் நிற்கிற இரண்டையும் யார் எடுத்தது? பவனில் இருந்த ப எங்கே போனது? மூன்று ஓட்டை. மூன்றையும் சொல் அலங்காரத்தால் மூடிவிடலாம். மூடினால் ஒருவரும் கேட்கப் போவதில்லை என்பது இப்போது அவருக்குத் தெரிந்தும் போயிற்று. அதுதான் அவரை இன்னும் அலைக்கழித்தது. அன்று மாலைக்குள் அப்படி ஒரு விளக்கத்தை எழுதியும்விட்டார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. நான்கு எல்லையும் எழுதி, நிலமே இல்லாத பத்திரம்போல இருந்தது. அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முகூர்த்த நாள். கூட்டம் மாடிப்படி வரை நின்றது. தட்டச்சு செய்யும் அன்னக்கொடி வேகமான பெண். ஒரு பத்திரம் முடிந்த சூட்டோடு அடுத்ததை நீட்டிவிடுவாள். முனீஸ்வரி என்பவர் அழகுபாண்டி என்பவருக்கு விற்கும் புன்செய் நிலத்தின் வரைவு முத்திருளன் கைக்கு வந்தது. முதல் வாசிப்பில் பெயர்கள். இரண்டாவதில் அளவு. மூன்றாவதில் எல்லைகள். கிழக்கு எல்லையில் விரல் நின்றது.

"அன்னக்கொடி, இந்த நெலத்துக்குக் கெழக்க என்ன இருக்கு?"

"வாய்க்கா அண்ணே. நீங்கதான சொன்னீக."

"இங்க 'சீனியம்மாள் நிலத்துக்கு மேற்கு'ன்னு அடிச்சிருக்க. யாரு இந்தச் சீனியம்மா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது போன வாரப் பத்திரம்ணே. அந்த ஃபைலயே எடுத்துப் பேரை மாத்தினேன். அது மட்டும் நின்னுருச்சு."

"எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன்? பழச வச்சுப் புதுச அடிக்காத. பேரு மாறிடும், நெலம் மாறிடும், பழையவுக எல்லை மட்டும் உள்ளயே ஒக்காந்திருக்கும். பாக்குறவனுக்கு எல்லாம் சரியாத் தெரியும். அது வேற நெலத்துக்கு..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அன்னக்கொடி காத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த அழகுபாண்டி, "என்னண்ணே, பத்திரத்துல எதும் வில்லங்கமா?" என்று எழுந்தே விட்டார்.

"இல்லய்யா, ஒக்காருங்க. ஒங்க பத்திரம் இல்ல."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஐந்து நாளாகக் கட்டத்தில் மையால் எழுதியிருந்த கதிரவனைக் கண்ணிலிருந்து அகற்றுவது அத்தனை சுலபமாக இல்லை. க என்று தொடங்கும், ர என்று நடுவில் வரும் என்ற நினைப்பையும் ஒதுக்கினார். ஐந்து வெற்றுக் கட்டங்கள் போட்டார். குறிப்பை மட்டும் வாசித்தார். பாத்திரம், கலம். அடி உடைந்தால் கல. அது பவனுக்குள் போகிறது. ப, அப்புறம் கல, அப்புறம் வன்.

பகலவன்.

அவனும் வானில் வருபவன்தான். அவனுக்கும் ஐந்து எழுத்துதான். குறிப்பில் ஒரு குறையும் இல்லை, ஒரு மயிரிழைகூட. ஆனால் அது வேறு நிலத்தின் பத்திரம். டீச்சர் முதலில் பகலவனை வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார். நெடுக்கில் எதையோ மாற்றும்போது பகலவன் பொருந்தாமல் போய்க் கதிரவன் உட்கார்ந்திருக்கிறான். குறிப்பு மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

ஒரு நிமிடம் அவருக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அடுத்த நிமிடம் அது போய்விட்டது. விளக்கம் கிடைத்துவிட்டது. கிடைத்த விளக்கம், டீச்சருடைய கட்டத்தில் பிழை என்கிறது. இருபத்தொன்பது பேர் புரியாமல் கைதட்டினார்கள் என்கிறது. முதலில் கைதட்டியவன் யார் என்றும் சொல்கிறது. இதையெல்லாம் எழுதி அனுப்பினால் மூன்றாவது கட்டம் எங்கே போகும்?

வெள்ளிக்கிழமை மதியம் அன்னக்கொடியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினார். பெரியார் நிலையத்தில் இறங்கி விளாங்குடி பஸ் பிடித்தார். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் அந்தப் பக்கத்து முகம் தெரியாது.

மைத்ரேயி பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் சாக்பீஸ் தூள் போகவில்லை. ஐம்பது வயதிருக்கும். குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு முறை பார்த்த பழக்கம்தான்.

"அட, முத்திருளன் சாரா? உள்ள வாங்கோ. கட்டத்தைப் பத்திக் கேக்க வந்தேளா? பார்த்துண்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுவேன்."

"அது இல்ல மேடம். ஏழு குறுக்கு."

"விளக்கம் எழுதிட்டேளா? எல்லாரும் அதைத்தான் சொல்றா. எனக்கே ஆச்சரியமா இருந்தது, அவ்வளவு பிடிக்கும்னு நெனைக்கலை."

முத்திருளன் வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்திரத்தை வாசித்துக் காட்டும் குரலிலேயே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கலம், கல, பவன், பகலவன். பிறகு, "ஞாயித்துக்கெழம நான் ஓட்டுப் போட்டப்ப இது எனக்குத் தெரியாது மேடம். புரியாமத்தான் அருமைன்னு போட்டேன். எங்கட்டம் ஒங்ககிட்ட இருக்குன்னு போட்டேன்" என்றார்.

மைத்ரேயி அலமாரியிலிருந்து கோடு போட்ட நோட்டை எடுத்தார். பக்கத்தைத் திருப்பினார். பகலவன் என்று பென்சிலால் எழுதி, அழித்து, மேலே கதிரவன் என்று எழுதியிருந்தது. ஏழு நெடுக்கில் படகு இருந்த இடத்தில் கடலை; ல-வில் இறங்கிய நெடுக்கும் ர-வுக்கு மாறியிருந்தது.

"படகு ரெண்டு வாரம் முன்னாடிதான் வந்திருந்தது. அதனால மாத்தினேன். குறிப்பை..." அவர் உட்கார்ந்தார். "நாப்பத்தாறு பேர் விடை அனுப்பினா. ஒருத்தர்கூடக் கேக்கலையே சார்."

"கேட்டா நம்மளத் தெரியாதவன்னு நெனைப்பாகன்னு இருந்திருப்பாக மேடம்."

"தப்பு வந்தது பெரிசில்ல. கணக்குல நான் போர்டுல தப்பாப் போட்டா எட்டாங்கிளாஸ் பிள்ளை எழுந்து சொல்லும்." நோட்டின் முன்பக்கங்களை அவர் வேகமாகப் புரட்டினார். "போன மாசம் ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு ஓட்டு. அது? அதுக்கு முந்தினது? எதை நான் நம்பறது?"

 அவர் கொடுத்திருந்த தண்ணீரை முத்திருளன் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தார். ஓர் ஆறுதல் சொல்லலாம். சொன்னால் அதுவும் ஓர் 'அருமை'யாகிவிடும் என்று பயந்தார்.

அதற்குள் மைத்ரேயியின் பென்சில் தானாகவே ஓடத் தொடங்கியது. "கதிரவனுக்கு வேற எழுதியிருக்கணும். கணவனோட ரெண்டு ஓரம், நடுவுல கடைசிச் சொட்டு வத்தின திரவம்."

முத்திருளன் விரல் விட்டு எண்ணினார். "க முன்னால, ன் பின்னால. திரவம் கடைசி போனா திரவ. சரியா ஒக்காருது மேடம்."

"நெஜமாவா? இல்ல சும்மா சொல்றேளா?"

"எண்ணிட்டுத்தான சொல்றேன்."

அவர் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்து போயிற்று. "எழுதுங்கோ. நீங்க சொன்னதை அப்படியே போடுங்கோ. என்னைக் காப்பாத்தறாப்ல ஒரு வார்த்தையும் வேண்டாம்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பிழையைச் சொன்னார். தனக்குப் புரியாமலே முதல் வாக்கைப் போட்டதையும் சொன்னார். மைத்ரேயி வாங்கிப் படித்துவிட்டு ஒரு வரி சேர்த்தார்: 'பிழை என்னுடையது. கேட்காதது உங்களுடையது.' ஐந்தரைக்கு அது குழுவுக்குப் போயிற்று.

 ஐந்து நிமிடத்தில் இரண்டு போனும் மாறி மாறி அதிர்ந்தன. முதலில் வந்தது ராம்கியின் செய்தி: "நானும் புரியாமத்தான் போட்டேன். மன்னிக்கணும் மேடம்." அப்புறம் வேறு யாரோ, போன மாதத்துப் பன்னிரண்டு நெடுக்கு தனக்கு இன்றுவரை புரியவில்லை என்றார். இன்னொருவர் மூன்று மாதம் முன்பு வந்த ஒன்றைத் தோண்டி எடுத்தார்.

"பன்னெண்டு நெடுக்கு சரியாத்தான் இருக்கு," என்று மைத்ரேயி நோட்டைப் படபடவென்று புரட்டினார். "சரியாத்தான் இருக்கணும்." பிறகு நிமிர்ந்தார். "சார், உங்க கட்டத்தை நான் பாக்கறதா இல்ல."

முத்திருளன் பேனாவை மூடினார். "கோவமா மேடம்?"

"கோவம் இல்ல. இப்ப நான் சரின்னு கையெழுத்துப் போட்டா, தப்பைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததுக்கு நன்றியாப் போட்டாப்ல. வேண்டாம்னா, கோவத்துல சொன்னாப்ல. ரெண்டும் நேர்மையில்ல. ஹாலாஸ்யம் சாருக்கு அனுப்பிடறேன்."

ஹாலாஸ்யம் குழுவின் மூத்த ஆள். முதல் தடவையிலேயே அவர் யாருக்கும் கையெழுத்துப் போட்டதாக வரலாறு இல்லை. வேண்டாம் மேடம் என்று வாய்வரை வந்தது.  "வாரேன் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பஸ் வருவதற்குள் ஹாலாஸ்யத்தின் செய்தி வந்துவிட்டது: "கட்டம் கிடைத்தது. ஒவ்வொரு குறிப்பிலும் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று எழுதி அனுப்பவும். நாளைக்குள்."

பெரியார் நிலையத்தில் திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் பையை வைத்து அதன்மேல் தன் கட்டத்தின் குறிப்புகள் இருந்த தாளைப் பரப்பிக்கொண்டார். முதல் குறிப்பு, இரண்டாவது குறிப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருந்தது. பழங்காநத்தம் தாண்டும்போது மூன்றாவதுக்கு வந்தார். 'கை வாட மெல்லக் குலைந்தால் மாதம் பிறந்ததும் கொடுப்பது.' கை வாட என்ற மூன்று எழுத்தும் குலைந்தால் வாடகை. மாதம் பிறந்ததும் கொடுப்பது என்பது அதன் பொருள். கட்டத்திலேயே அவருக்கு மிகவும் பிடித்த குறிப்பு இதுதான்.

மெல்ல?

பேனா நின்றது. மெல்ல என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. ஓசை நன்றாக இருக்கிறதென்று வைத்தது. எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, மெல்லவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டுக் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்ப்பான். மூன்று நாள் வீட்டுக்குள் நடப்பான். கடைசியில் அருமை என்று போட்டுவிட்டுப் போவான்.

ஹாலாஸ்யத்தின் கண்ணுக்கு இது தப்புமா என்று யோசித்தார். தப்பலாம். ஓசைக்கு ஒரு சொல் என்று விட்டுவிடலாம். இருக்கையில் முன்னும் பின்னும் நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவர், "எறங்கணுமாண்ணே?" என்று காலை ஒதுக்கினார்.

"இல்ல, இல்ல."

திருப்பரங்குன்றம் தாண்டிய பிறகு போனை எடுத்தார். "மூன்றாம் குறிப்பில் ஒரு சொல் வேலையில்லாமல் நிற்கிறது. கட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்று ஹாலாஸ்யத்துக்கு எழுதினார். மூன்று முறை வாசித்தார். அனுப்பினார். வரிசையின் கடைசி என்றால் மறுபடி முறை வரத் தையோ மாசியோ ஆகும்.

பாண்டீஸ்வரி கூப்பிட்டாள். "என்னங்க ஆச்சு? டீச்சரம்மா வஞ்சாகளா? ஒங்க கட்டம் வேணாம்னுட்டாகளா?"

"வேணாங்கல. நானே திரும்ப வாங்கிட்டேன்."

"கிறுக்கா ஒங்களுக்கு? இம்புட்டுத் தூரம் போயி?"

"ஒரு வார்த்தை அதிகமா இருந்துச்சுடி."

"வந்து சேருங்க," என்று அவள் வைத்துவிட்டாள்.

அவர் தாளைத் திருப்பி நான்காவது குறிப்புக்குப் போனார். பஸ் குலுங்கியதில் பேனா கோணலாக ஓடியது. அந்தக் குறிப்பில் ஐந்து சொற்கள் இருந்தன. முதல் சொல்லின் மேல் விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்டார்.